நடுவில் பட்டன் இல்லாத சீட்டு

என் அண்ணி குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவள். வாசலோரம் தரையோடு தரையாகக் கிடக்கும் இரும்பு மூடியைக் கொக்கிக் கம்பியால் நெம்பித் தூக்க வேண்டும். உள்ளே குடியிருக்கும் கரப்பான்கள் ஒதுங்கும்வரை பொறுக்க வேண்டும். குனிந்து மீட்டரின் கண்ணாடியைத் துடைத்து, எண்ணைப் பார்த்துக் கைக்கருவியில் தட்டிவிட்டு, மூடியைச் சத்தம் வராமல் மூட வேண்டும். சத்தம் வந்தால் வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். எட்டிப் பார்த்தால் பேசுவார். பேசினால், தண்ணீர் வராததற்கு அண்ணிதான் காரணம் என்று முடிப்பார். அதனால் அண்ணி அந்த மூடியை மூடுவது, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது மாதிரி இருக்கும்.

நான் அவளுடைய நாத்தனார். நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வந்தால் கேட்பவர்கள் சந்தேகப்படுவார்கள். படட்டும். எனக்கு அவளைப் பிடிக்கும். அதை அவளிடம் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிட்டேன், முடிந்தது.

அண்ணிக்கு அந்த வேலை உயிர். வெயிலில் அலைகிற வேலையில் அப்படி என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் புரிந்ததில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் புகார் கவுன்ட்டரில் உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் வாய் உயரத்துக்கு ஓர் ஓட்டை. யார் வீட்டுக் குழாயில் காற்று வந்தாலும் அவர்கள் அந்த ஓட்டையில் வாயை வைத்துத் திட்டுவார்கள். ராத்திரி தூக்கத்தில்கூட அண்ணி "அடுத்தவங்க வாங்க" என்பாள் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். அங்கிருந்து வெளி வேலைக்கு மாறுவதற்கு அவள் படாத பாடு பட்டாள். மாறிய பிறகு, "மீட்டர் திட்டாதுல்ல" என்று ஒரே ஒரு காரணம்தான் சொன்னாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் வாரியம் இரண்டு பகுதிகளை ஒன்றாக்கியது. நடந்து முடிக்க முடியாத தூரம் ஆகிவிட்டதே என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு சைக்கிள் கொடுத்தது.

சைக்கிள்கள் எல்லாம் ஒரே உயரம், ஒரே கறுப்பு. வாங்கியவர் யாரை மனதில் வைத்து வாங்கினாரோ தெரியாது. நெடுநெடுவென்று வளர்ந்த ஓர் ஆணை என்பது மட்டும் தெரிந்தது. ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தது. சீட்டு ஒல்லியாக, மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ஹேண்டில்பாரைப் பிடிக்க அண்ணி முன்னால் சாய வேண்டும். சாய்ந்தால் உடம்பின் பாரமெல்லாம் அந்த மூக்கின்மேல் இறங்கும். எங்கே இறங்கும் என்று, அப்படி உட்கார்ந்து பார்த்த பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போதாததற்கு வாரியம் கொடுத்த கால்சட்டையில் நான்கு தையலும் வந்து கூடுகிற முடிச்சு சரியாக அதே இடத்தில் இருந்தது. இதை நான் தையல்காரியாகச் சொல்கிறேன்.

முதலில் மரத்துப் போனது. பிறகு எரிந்தது. பிறகு தோல் உரிந்தது. வீட்டில் அண்ணி "இடுப்பு வலி" என்றாள். எங்கள் வீட்டில் வயிற்றுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே எது வலித்தாலும் அது இடுப்பு என்பது அம்மா போட்ட சட்டம். அம்மா மருமகளைக் குப்புறப் படுக்க வைத்து, தினமும் மாலையில் இடுப்பில் தைலம் தேய்த்தாள். கை வலிக்கத் தேய்த்தாள். ஒரு குறையும் இல்லாத இடுப்பு அத்தனை தைலத்தையும் வாங்கிக்கொண்டது.

தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் அண்ணி சீட்டு சரியில்லை என்று சொன்னாள். அவர் சீட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேம்மா இருக்கு. பழகிடும்" என்றார். மறுபடியும் போனபோது, "இன்னுமா பழகலை?" என்று கேட்டார். மூன்றாம் முறை அண்ணி போகவில்லை.

இந்த இடத்தில் என் அண்ணன் வருகிறான்.

அண்ணனுக்குக் குஷன் கடை. வீட்டின் முன்னறைதான் கடை. அவன் வெட்டுவான், நான் தைப்பேன். சோபா, நாற்காலி, ஆட்டோ சீட்டு, பல் மருத்துவர் வீட்டு நாய்க்கு மெத்தை, எதுவானாலும் செய்வான். நாற்காலிக்கு ஆர்டர் கொடுக்க யார் வந்தாலும், எப்பேர்ப்பட்ட அதிகாரியானாலும், முதலில் கெட்டிப் பலகையின்மேல் ஒரு பெட்டி அட்டையைப் போட்டு அதில் உட்காரச் சொல்வான். அவர் எழுந்ததும் அட்டையில் சாக்குக்கட்டியைப் படுக்கப் போட்டுத் தேய்ப்பான். எலும்பு அழுத்திய இடம் இரண்டு பள்ளமாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் ஸ்பாஞ்சை வெட்டுவான். "உட்கார்ந்தவன் சீட்டை மறந்துடணும் சார். ஞாபகம் இருந்தா அது சீட்டே இல்ல" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வான். நான் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள்.

இன்னொரு பழக்கமும் அவனுக்கு உண்டு. எந்தக் குஷன் செய்தாலும் நட்டநடுவில் துணி சுற்றிய ஒரு பட்டனை வைத்து இழுத்துத் தைப்பான். அது அவன் கடை அடையாளம். எந்த வீட்டுக்குப் போனாலும் பட்டனைப் பார்த்துவிட்டு, "நம்ம வேலை" என்பான்.

மனைவிக்கு இடுப்பு வலி, காரணம் சைக்கிள் சீட்டு என்று தெரிந்ததும் அண்ணன் துடித்துப்போனான். கையிலிருந்த சோபா வேலையை அப்படியே போட்டுவிட்டு, இருப்பதிலேயே மெத்தென்ற ஸ்பாஞ்சை எடுத்து, நாலு விரல் கனத்தில் சீட்டுக்கு ஒரு குஷன் செய்தான். ஓரமெல்லாம் கயிறு வைத்துத் தைத்த சிவப்புப் பைப்பிங். நடுவில் பட்டன்.

பட்டன் எங்கே போய் உட்கார்ந்தது என்று நான் விளக்கப் போவதில்லை.

அன்று மாலை அண்ணி வந்து இறங்கியதும் இறங்காததுமாக அண்ணன், "எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு உட்காராமல் நின்றுகொண்டே தண்ணீர் குடித்தாள்.

அண்ணனைப் பாராட்டினால் அவன் நிறுத்த மாட்டான். இரண்டாவது குஷனை இன்னும் கனமாகச் செய்தான். மூன்றாவதை இன்னும் மெத்தென்று. தினமும் "எப்படி இருக்கு?" என்று கேட்பான். தினமும் "ரொம்ப நல்லா இருக்குங்க" என்று பதில் வரும். இதற்கிடையில் அண்ணி ஓட்டுவதற்குக் கொடுத்த சைக்கிளைப் பாதித் தெருக்களில் தள்ளிக்கொண்டே போகிறாள் என்று பேச்சு வந்தது. "சைக்கிளுக்குக் காலாற நடக்கக் கத்துக் குடுக்குறீங்களா மீட்டரக்கா?" என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டாராம்.

ஒருநாள் நூல் வாங்கப் போனவள் தெருமுனையில் அண்ணியைப் பார்த்தேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, சீட்டிலிருந்து குஷனை அவிழ்த்து, மடித்து, பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திருடி மாதிரி நின்றாள்.

"தினமும் இப்படியா அண்ணி?"

"சாயங்காலம் வர்றப்ப இங்கயே திரும்பக் கட்டி, வீடுவரைக்கும் தள்ளிக்கிட்டு வந்துடுவேன்."

"அப்ப வெறும் சீட்டு வலிக்கலையா?"

"அதுவும் வலிக்குது. இதுக்கு அது தேவல."

"அண்ணன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"உங்க அண்ணன் தன் கையால செஞ்சது. அவ்வளவு ஆசையா நின்னு கேக்குறார். அவர் முகத்தப் பாத்து வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது? நீயும் வாயத் தொறக்காத" என்றாள்.

நான் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தைப் பைப்பிங் தைப்பதில் காட்டினேன். அந்த வாரம் எங்கள் கடையில் தைத்த பைப்பிங் எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

வெள்ளிக்கிழமை வாரியத்தில் மேற்பார்வையாளர் அண்ணியைக் கூப்பிட்டார். வாரக் கடைசியாகியும் பாதி வீடுகளுக்கு மீட்டர் பார்க்காமல் கிடந்தது. அவர் கெட்டவர் இல்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"முடியலைன்னா சொல்லிடும்மா. கவுன்ட்டர்ல இடம் காலியா இருக்கு. உட்கார்ந்த வேலை, நிழல், ஃபேன் எல்லாம் இருக்கு. திங்கட்கிழமை ஒருநாள் பாக்குறேன். அன்னிக்கும் முடியலைன்னா செவ்வாய்க்கிழமையிலேர்ந்து நீ கவுன்ட்டருக்கு வந்துடு."

அண்ணி வீட்டில் வந்து இதைச் சொன்னபோது அம்மா, "நல்லதாப் போச்சு, இடுப்புக்கு ஓய்வு கிடைக்கும்" என்றாள். அண்ணி துணி மடித்தாள். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணிகளையும் உதறி மறுபடி மடித்தாள்.

சனிக்கிழமை மாலை அண்ணன் நாலாவது குஷனுக்கு அளவெடுக்க சைக்கிளிடம் போனான். மூன்றாவது குஷனைக் கழற்றிக் கையில் எடுத்தான். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினான். விட்டான். மறுபடி அழுத்தினான். ரெக்சினை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். உள்ளே போய் முந்தின இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்து மூன்றையும் என் மெஷின் மேஜையில் வரிசையாக வைத்தான்.

"முதல்ல செஞ்சதுல ஒருநாள் உட்கார்ந்திருக்கா. மத்த ரெண்டுலயும் யாரும் உட்காரலை" என்றான்.

நான் நூல் கோப்பதில் மும்முரமானேன். குஷன் செய்கிறவனிடம் உட்காராத குஷனை உட்கார்ந்த குஷன் என்று எத்தனை நாளைக்குச் சொல்ல முடியும்? ஸ்பாஞ்சு சொல்லிவிடும், ரெக்சினில் விழாத சுருக்கம் சொல்லிவிடும். அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தோம். அண்ணி வழக்கம்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அண்ணன் தட்டைத் தொடாமல் கேட்டான்.

"சீட்டு எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்குங்க."

"எதுல உட்கார்ந்து பாத்துட்டுச் சொல்ற?"

அப்பா சாப்பாட்டு மேஜையில் படிக்கக் கூடாது என்ற அம்மாவின் உத்தரவை மீறிச் செய்தித்தாளை விரித்தார்.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். அப்புறம் சொன்னாள். இடுப்பு இல்லை என்றாள். எந்த இடம் என்று உள்ளபடி சொன்னாள். எரிவதைச் சொன்னாள், தோல் உரிந்ததைச் சொன்னாள், சிறுநீர் கழிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வதைச் சொன்னாள். பட்டனையும் சொன்னாள்.

அப்பா, வாசல் குழாயை மூடினோமா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் வரவில்லை.

"சாப்பிடுற இடத்துல ஏம்மா இதெல்லாம்?" என்றாள் அம்மா.

"வேற எந்த இடத்துலயும் கேக்க மாட்டேங்குறீங்களே அத்தை" என்றாள் அண்ணி. தினமும் தேய்த்த தைலம் அம்மாவின் மனக்கண்ணில் ஓடியிருக்க வேண்டும்.

"எனக்கு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால போய் உட்கார வேண்டாங்க" என்று அண்ணனிடம் சொன்னாள் அண்ணி. "வலிச்சாலும் பரவால்ல, அங்க வேண்டாம்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். நான் எழுந்து, யாரும் கேட்காத தண்ணீரைக் கொண்டு வந்து வைத்தேன்.

அண்ணன் கை கழுவிவிட்டு முன்னறைக்குப் போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்று நினைத்தோம். பலகையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"இங்க வா" என்று கூப்பிட்டான். "வந்து இதுல உட்காரு."

பலகையின்மேல் பெட்டி அட்டை போட்டிருந்தது.

"இப்பவா?" என்றாள் அண்ணி.

"கஸ்டமரா இருந்தா வந்த உடனே உட்கார வெச்சிருப்பேன். உன்னை உட்கார வெக்கவே இல்ல. சீட்டைத்தான் அளந்தேன், உன்னை அளக்கலை."

அண்ணி உட்கார்ந்தாள். ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி முன்னால் சாயச் சொன்னான், சாய்ந்தாள். அவள் எழுந்ததும் சாக்குக்கட்டியைத் தேய்த்தான். இரண்டு பள்ளங்கள் தெரிந்தன. பிறகு இன்னோர் அட்டையைப் போட்டுத் தானே உட்கார்ந்தான். அதையும் தேய்த்தான். இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அண்ணி அவன் தோள் உயரம்கூட இல்லை. ஆனாலும் அவளுடைய பள்ளங்கள் அவனுடையதைவிட நன்றாகத் தள்ளி இருந்தன. சைக்கிளிலிருந்து சீட்டைக் கழற்றி வந்து அவளுடைய பள்ளங்களுக்கு மேலே வைத்தான். இரண்டு பள்ளமும் சீட்டுக்கு வெளியே நின்றன.

"எலும்புதான் உட்காரணும். சதை உட்காரக் கூடாது" என்றான் அண்ணன். "இதுல உன் எலும்பு ரெண்டும் அந்தரத்துல நிக்குது. நடுவுல இருக்கிறதுதான் எல்லாத்தையும் தாங்கியிருக்கு. நான் அதுக்கு மேல மெத்து மெத்துன்னு வெச்சேன். நீ உள்ள அமுங்க அமுங்க, நடுவுல இருக்கிற ஸ்பாஞ்சு மேல ஏறியிருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "அதுல ஒரு பட்டன் வேற" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிள் கடைக்காரரின் பழைய இரும்புக் குவியலைக் கிளறி, பின்பக்கம் அகலமான ஒரு சீட்டுத் தகட்டை எடுத்து வந்தான். மெத்தென்ற ஸ்பாஞ்சை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துண்டு ஸ்பாஞ்சுகளை அழுத்திச் செய்த கெட்டிப் பலகையை வெட்டி ஒட்டினான். தட்டினால் கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது. எலும்பு உட்காரும் இரண்டு இடங்களும் தட்டையாக இருந்தன. நடுவில் மூக்குவரை நீளமாக ஒரு பள்ளத்தைச் செதுக்கினான். ரெக்சினை நான் தைத்தேன். தையல் எல்லாம் ஓரத்தில், நடுவில் ஒன்றுகூட வராமல். கால்சட்டையையும் பிரித்து, நான்கு தையல் கூடும் இடத்தில் ஒரு சதுரத் துணியைக் கொடுத்து முடிச்சை இல்லாமல் செய்தேன். தைத்து முடித்ததும் அண்ணனின் கை தானாகப் பட்டன் டப்பாவைத் திறந்தது. டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடி வைத்தான். அவன் கைப்பட்டு நடுவில் பட்டன் இல்லாமல் வெளியே போன ஒரே சீட்டு அதுதான்.

அண்ணி அதை விரலால் அழுத்திப் பார்த்தாள். "கல்லு மாதிரி இருக்கேங்க."

"நல்லா இருக்குன்னு சொல்லாம இருந்தியே, அதுவே போதும்" என்றான் அண்ணன்.

சீட்டோடு வேலை முடியவில்லை. சைக்கிள் கடைக்காரரை ஸ்பானரோடு அழைத்து வந்தான். தெருவில் அண்ணி ஓட்ட, பக்கத்தில் அண்ணன் ஓட, பின்னால் கடைக்காரர் ஸ்பானரோடு ஓடினார். பால்கனிகளில் கூட்டம் கூடியது. சீட்டின் மூக்கை இறக்கிச் சமமாக்கினார்கள். சீட்டை அதன் அடிக்கம்பியில் முன்னால் தள்ளினார்கள். ஹேண்டில்பாரை உயர்த்தினார்கள். இப்போது அண்ணி எட்டிப் பிடிக்காமல் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைசியாகச் சீட்டை உயர்த்தப் போனபோதுதான் அவள் மறுத்தாள்.

"கால் தரையில எட்டலைன்னா வீட்டுக்கு வீடு எப்படி இறங்குறது?"

"தாழ்வா இருந்தா கால் மடங்கியே இருக்கும்மா, பெடல்ல பாரமே விழாது. அத்தனையும் சீட்டுல விழும்" என்றார் கடைக்காரர். இது முன்பே தெரியுமா என்று நான் கேட்டேன். "யாரும் கேக்கலையேம்மா" என்றார். அண்ணி இரண்டு தடவை கேட்டிருந்தாள். நான் அவரைப் பார்த்த பார்வையில் ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார்.

பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கி நிற்கிற உயரத்தில் வைத்தார்கள். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் நழுவி ஒரு காலை ஊன்ற அண்ணி பழகினாள். எங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று பழகினாள். ஒரு வீட்டில், ஞாயிற்றுக்கிழமையும் மீட்டர் பார்க்கிறார்களா என்று பதறி, குழாயில் தண்ணீர் உறிஞ்சப் போட்டிருந்த மோட்டாரை நிறுத்தினார்கள்.

திங்கட்கிழமை அண்ணன் ஒரு வேலையும் செய்யவில்லை. ஒரு சோபாத் துணியைத் தப்பாக வெட்டி, பிறகு அது தப்பு என்று என்னிடம் கோபித்துக்கொண்டான். வாசலுக்கும் கடைக்குமாக நடந்தான். மத்தியானம் சாப்பிடவில்லை. உரிந்த தோல் ஒரே நாளில் ஆறாது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருந்தால் நாளை முதல் கண்ணாடி ஓட்டைதான்.

சாயங்காலம் அண்ணி வந்தாள். வாசலில் சீட்டிலிருந்து முன்னால் நழுவிக் காலை ஊன்றினாள். உள்ளே வந்து பையைக் கழற்றி, நாற்காலியில் நேராக உட்கார்ந்து, மூச்சு விடாமல் பேசத் தொடங்கினாள். கடைசித் தெருவில் ஒரு மூடிக்குள் தவளை இருந்ததாம். மீட்டரின்மேல் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றதாம். அன்றைய கணக்கில் இருந்த எல்லா வீட்டையும் முடித்துக் கைக்கருவியைக் கொடுத்தபோது மேற்பார்வையாளர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாராம். கவுன்ட்டருக்கு வேறு ஆளைப் பாருங்கள் சார் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். பிறகு மறுபடியும் தவளைக்குப் போனாள்.

அண்ணன் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றான். தவளை முடிகிற மாதிரி தெரியவில்லை. பொறுக்க முடியாமல் நடுவில் கேட்டுவிட்டான்.

"எப்படி இருந்துச்சு?"

"எது?" என்றாள் அண்ணி.

அண்ணன் கடைக்குள் போய் வெட்டு மேஜையில் கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்தான். அது அவன் கையிலேயே இருந்தது.